ஆள்-மாதம் எனும் பொய்க்கணக்கு: ஃபிரெட் புரூக்ஸின் நூல் குறித்த ஒரு மறுமதிப்பீடு

மென்பொருள் திட்ட மேலாண்மை என்றதும் இன்று பேச்சு கருவிகளிலிருந்தே தொடங்குகிறது. கிட் தெரியுமா, ஜிராவில் வேலை செய்ததுண்டா, ஸ்க்ரம் முறை பழக்கமா என்பவை வேலைக்கான நேர்காணல்களில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகள். இவற்றில் எதுவுமே இல்லாத காலத்தில் எழுதப்பட்ட ஒரு நூல், 50 ஆண்டுகளாக இத்துறையில் மேற்கோள் காட்டப்பட்டு வருகிறது. ஃபிரெடரிக் புரூக்ஸ் 1975-இல் வெளியிட்ட ‘த மிதிக்கல் மேன்-மன்த்’ அந்த நூல். தலைப்பைத் தமிழில் ‘ஆள்-மாதம் என்னும் கட்டுக்கதை’ எனச் சொல்லலாம்.

இந்நூலைப் படித்தவர்களைவிட, அதிலுள்ள ஒரு கருத்தை மட்டும் கேள்விப்பட்டவர்களே அதிகம். தாமதமாகிவிட்ட மென்பொருள் திட்டத்தில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் தாமதம் இன்னும் கூடும் என்பது அக்கருத்து. ‘புரூக்ஸ் விதி’ என்று இது வழங்கப்படுகிறது. இந்த விதி எந்த அளவுக்கு உண்மை, நூலாசிரியர் எங்கே தவறினார், இன்றைய கருவிகளை எடைபோட இந்நூல் எவ்வாறு உதவும் ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

நூலின் பின்னணி

புரூக்ஸ் (1931–2022) ஐ.பி.எம். நிறுவனத்தில் சிஸ்டம்/360 கணினிக் குடும்பத்தின் உருவாக்கத்துக்குப் பொறுப்பு வகித்தவர். 1964 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட அக்கணினிகளுக்கான இயங்குதளமே ஓ.எஸ்/360. அதன் உருவாக்கத்தையும் அவர் சில காலம் நிர்வகித்தார். உச்சக்கட்டத்தில் அத்திட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். 1963 முதல் 1966 வரை ஏறத்தாழ 5,000 ஆள்-ஆண்டு உழைப்பு அதில் செலவானதாக அவரே கணக்கிடுகிறார். இயங்குதளம் தாமதமாக வந்தது, திட்டமிட்டதைவிட அதிக நினைவகத்தை விழுங்கியது, செலவும் மதிப்பீட்டைத் தாண்டியது. வன்பொருளைவிட மென்பொருளை நிர்வகிப்பது ஏன் கடினமாக இருந்தது என்ற கேள்விக்கு விடை தேடும் முயற்சியே இந்நூல்.

ஐ.பி.எம்.மை விட்டு வெளியேறியபின் அவர் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் துறையை நிறுவினார். 1999-இல் டூரிங் விருது பெற்றார். 1995-இல் நான்கு இயல்கள் சேர்த்து நூலின் இருபதாம் ஆண்டுப் பதிப்பை வெளியிட்டார். அதில் தம் பழைய கருத்துகளைத் தாமே ஆராய்ந்து, எவை நிற்கின்றன, எவை விழுந்துவிட்டன என்று பட்டியலிட்டார். இந்நூலைப் படிக்க விரும்புவோர் அந்தப் பதிப்பையே தேடிப் படிக்க வேண்டும். முதல் பதிப்பை மட்டும் படிப்பவர், ஆசிரியரே கைவிட்ட கருத்துகளை அவருடைய முடிவுகள் என நம்பிவிடக்கூடும்.

ஆள்-மாதம் ஏன் பொய்க்கிறது?

ஒருவர் ஒரு மாதத்தில் செய்யும் வேலையின் அளவு ‘ஆள்-மாதம்’ எனப்படுகிறது. இருபது ஆள்-மாத வேலையை நான்கு பேர் ஐந்து மாதத்தில் முடிக்கலாம் அல்லது இருபது பேர் ஒரே மாதத்தில் முடிக்கலாம் என்பது இக்கணக்கின் பின்னுள்ள நம்பிக்கை. அதாவது ஆட்களும் மாதங்களும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளத் தக்கவை என்று இது கருதுகிறது.

நாற்று நடவில் இது பெருமளவு உண்மை. ஐந்து பேர் இரண்டு நாளில் நடும் வயலைப் பத்துப் பேர் ஒரே நாளில் நட்டுவிடலாம். பக்கத்தில் நடுபவர் என்ன நினைக்கிறார் என்று யாரும் அறியத் தேவையில்லை. மென்பொருளில் நிலைமை வேறு. ஒருவர் எழுதும் நிரல் மற்றவர் எழுதும் நிரலை அழைக்கிறது. அதன் தரவை எதிர்பார்க்கிறது. அதன் பிழையால் தானும் விழுகிறது. எனவே அவர்கள் ஒருவருக்கொருவர் பேசியாக வேண்டும். நான்கு பேருக்கிடையே 6 பேச்சுவழிகள் உள்ளன. ஏழு பேர் என்றால் 21. ஐம்பது பேர் என்றால் 1,225. ஆட்களின் எண்ணிக்கையைவிட மிக வேகமாகப் பேச்சுவழிகள் பெருகுகின்றன. அதோடு, புதிதாக வருபவருக்குக் கற்றுத்தர ஏற்கெனவே உள்ளவரின் நேரமே செலவாகிறது.

நூலின் உறுதியான பகுதி இதுதான். மென்பொருள் உருவாக்கத்தில் விலை உயர்ந்த பொருள் தட்டச்சு நேரமன்று, ஒருவர் மற்றவரைப் புரிந்துகொள்ளச் செலவிடும் நேரமே என்பதை இத்தனை தெளிவாக அதற்கு முன் விளக்கியவர்கள் அரிது.

விதியின் எல்லை

ஆனால் ‘புரூக்ஸ் விதி’யை எல்லா இடத்திலும் அப்படியே பொருத்தக் கூடாது. ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

நான்கு பேர் ஆறு மாதத்தில் முடிக்க வேண்டிய ஒரு திட்டம், அதாவது 24 ஆள்-மாதம். நான்கு மாதம் முடிந்த நிலையில் 16 ஆள்-மாத வேலை முடிந்திருக்க வேண்டும். முடிந்திருப்பதோ 10 மட்டுமே. மீதி 14. இருக்கும் நால்வரே தொடர்ந்தால் இன்னும் மூன்றரை மாதம் ஆகும். திட்டம் ஏழரை மாதத்தில் முடியும். மேலாளர் 14-ஐ இரண்டு மாதத்தால் வகுத்து, ஏழு பேர் வேண்டும் எனக் கண்டு, மூவரைச் சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாம் மாதம் பழையவர்களில் ஒருவர் புதியவர்களுக்குக் கற்றுத்தருகிறார். மற்ற மூவர் 3 ஆள்-மாத வேலையை முடிக்கின்றனர். மீதி 11. ஆறாம் மாதம் ஏழு பேரும் முழுத் திறனுடன் உழைத்தாலும் 7 தான் முடியும். கெடு தவறிவிடுகிறது.

மேலாளரின் வகுத்தல் கணக்கு பொய்த்தது உறுதி. ஆனால் மீதி 4 ஆள்-மாத வேலையை எழுவர் ஏழாம் மாதத்தின் நடுவிலேயே முடித்துவிடலாம். ஆள் சேர்க்காமல் விட்டிருந்தால் ஏழரை மாதம். ஆக, இந்தக் கணக்கின்படி ஆள் சேர்த்ததால் தாமதம் கூடவில்லை, சற்றுக் குறைந்திருக்கிறது. அதே வேளையில் செலவு கூடியிருக்கிறது. கற்றல் ஒரு மாதத்துக்குப் பதிலாக இரண்டு மாதம் பிடித்தாலோ, வேலையைப் பங்கிட முடியாமல் போனாலோ, பேச்சுவழிகள் 6-இலிருந்து 21 ஆனதன் சுமையைச் சேர்த்தாலோ இந்தச் சிறு ஆதாயமும் கரைந்துவிடும்.

புரூக்ஸ் இதை அறியாதவர் அல்லர். விதியைக் கூறும் இடத்திலேயே, அளவுக்கு மீறி எளிமைப்படுத்துவதாக ஒப்புக்கொண்ட பிறகே கூறுகிறார். பின்னாளில் தாரிக் அப்தெல்-ஹமீத், ஸ்டூவர்ட் மேட்னிக் ஆகியோர் கணினி மாதிரியைக் கொண்டு இதை ஆராய்ந்தனர். தாமதமான திட்டத்தில் ஆள் சேர்த்தால் செலவு எப்போதும் கூடும், ஆனால் முடியும் நாள் எப்போதும் தள்ளிப்போகும் எனச் சொல்ல முடியாது என்பது அவர்கள் கண்ட முடிவு. 1995 பதிப்பில் புரூக்ஸ் இந்த ஆய்வை எடுத்துப் பேசுகிறார். விதியை முழங்குவோர் இந்தப் பகுதியை விட்டுவிடுகின்றனர். கேட்க வேண்டிய கேள்வி ‘ஆள் சேர்க்கலாமா’ என்பது மட்டுமன்று. எப்போது சேர்ப்பது, அவர்களுக்குத் தனியே பிரித்துத்தர வேலை உண்டா என்பதும்தான்.

புரூக்ஸ் தவறிய இடம்

ஓ.எஸ்/360 திட்டத்தில் ‘திட்டப் பதிவேடு’ ஒன்று பராமரிக்கப்பட்டது. எல்லா வடிவமைப்பு ஆவணங்களும் அதில் இருக்கும். ஒவ்வொரு நிரலாளரும் அனைத்தையும் பார்க்க வேண்டும் என்பது கொள்கை. ஆறு மாதத்தில் அது சுமார் ஐந்தடித் தடிமனுக்கு வளர்ந்தது. நாள்தோறும் ஏறத்தாழ 150 பக்கங்கள் மாற்றி அடுக்க வேண்டியிருந்தது. பதிவேட்டைப் புதுப்பிப்பதே ஒரு வேலையானபின் நுண்படச் சுருளுக்கு ஒப்பான மைக்ரோஃபிஷ் தகடுகளுக்கு மாறினர்.

எல்லோரும் எல்லாவற்றையும் அறிய வேண்டும் என்ற கொள்கைக்கு எதிரான கருத்தை டேவிட் பார்னஸ் 1970-களின் தொடக்கத்திலேயே முன்வைத்திருந்தார். நிரலைப் பகுதிகளாகப் பிரிக்கும்போது, மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு பகுதிக்குள் மறைத்துவிட வேண்டும். வெளியே தெரிய வேண்டியது அப்பகுதியின் எல்லை மட்டுமே என்றார் அவர். இது ‘தகவல் மறைப்பு’ எனப்படுகிறது. 1975 பதிப்பில் புரூக்ஸ் இதை ஏற்கவில்லை. 1995 பதிப்பில், பார்னஸ் சொன்னதே சரி, தாம் தவறிவிட்டதாக வெளிப்படையாக எழுதினார்.

இந்த ஒப்புதலை ஆசிரியரின் பெருந்தன்மை என்று மட்டும் கொள்வது போதாது. அது நூலின் முதன்மை வாதத்தையே திருத்துகிறது. பேச்சுவழிகள் 1,225 ஆவது, ஐம்பது பேரும் மற்ற 49 பேரின் வேலையையும் அறிந்திருக்க வேண்டும் என்ற நிலையில்தான். எல்லைகள் சரியாக வகுக்கப்பட்டால், ஒருவர் அறிய வேண்டியது அண்டைப் பகுதிகளின் எல்லையை மட்டுமே. புரூக்ஸ் கண்ட நோய் உண்மையானது. அதற்கான மருந்தை அவர் 20 ஆண்டுகள் கழித்தே ஏற்றார்.

கைவிடப்பட்ட மற்றொரு கருத்தும் உண்டு. முதலில் எழுதும் முழு அமைப்பையும் தூக்கியெறியும் நோக்கத்துடனேயே திட்டமிட வேண்டும் என்று முதல் பதிப்பு அறிவுறுத்தியது. ஒரு முறை முழுதாகக் கட்டி, பிறகு மறுமுறை கட்டுவதைவிட, சிறிய இயங்கும் அமைப்பைத் தொடங்கிப் படிப்படியாக வளர்ப்பதே மேல் என்று 1995-இல் அவர் திருத்திக்கொண்டார். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி வெளியிட்ட அஜைல் கொள்கை விளக்கம், இந்தப் படிப்படியான வளர்ச்சியையே அடிப்படையாகக் கொண்டது.

லினக்சு புரூக்ஸை மறுக்கிறதா?

புரூக்ஸ் விதிக்கு எதிர்ச்சான்றாக லினக்சு கருநிரல் அடிக்கடி காட்டப்படுகிறது. எரிக் ரேமண்ட் 1997-இல் வழங்கிய ‘த கதீட்ரல் அண்ட் த பஜார்’ கட்டுரையில் இந்த வாதத்தை முன்வைத்தார். வழுக்களைக் கண்டறியும் வேலையைப் பலர் ஒரே நேரத்தில் தனித்தனியே செய்யலாம், எனவே கூட்டம் பெருகுவது அங்கு நன்மையே என்பது அவர் கருத்து.

இன்று ஒவ்வொரு லினக்சு வெளியீட்டுக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்களிக்கின்றனர். ஆயிரம் பேர் எனக் கொண்டாலும் பேச்சுவழிகள் 4,99,500. இது எப்படி இயங்குகிறது? அவர்கள் எல்லோரும் எல்லோரிடமும் பேசுவதில்லை. கருநிரல் பல உட்பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. எந்தக் கோப்புக்கு யார் பொறுப்பு என்பது மூலநிரலுடனேயே உள்ள ஒரு பட்டியலில் எழுதப்பட்டிருக்கிறது. மாற்றம் ஒன்று முதலில் அந்தப் பராமரிப்பாளரிடம் செல்கிறது. அவர் ஏற்றபின் மேலே செல்கிறது. ஒவ்வொரு மாற்றத்துடனும் அது ஏன் தேவை என்ற விளக்கமும், பொறுப்பேற்பவரின் கையொப்ப வரியும் இருக்க வேண்டும். புதிய வசதிகளை ஏற்க இரண்டு வாரச் சாளரம் உண்டு. அதன்பின் பல வாரங்கள் திருத்தம் மட்டுமே. ஏறத்தாழ ஒன்பது அல்லது பத்து வாரத்துக்கு ஒரு வெளியீடு வருகிறது.

கிட் இந்தப் பணிமுறைக்காகவே பிறந்த கருவி. அதுவரை பயன்படுத்திய பிட்கீப்பர் மென்பொருளின் இலவச உரிமம் விலக்கிக்கொள்ளப்பட்டபோது, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டை எழுதத் தொடங்கினார். சில நாட்களிலேயே கிட்டின் மூலநிரலே கிட்டில் பராமரிக்கப்பட்டது. ஜூலையில் அதன் பராமரிப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்தார். முதலில் பணிமுறை இருந்தது. பிறகு அதற்கேற்ற கருவி வந்தது. கருவியை நிறுவினால் பணிமுறை தானே வந்துவிடும் என எண்ணுவோர் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

லினக்சு புரூக்ஸை மறுக்கவில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கு ஒரு வசதி இந்தத் தேதியில் வரும் என்று யாரும் வாடிக்கையாளருக்கு வாக்களிப்பதில்லை. தயாராகாத வசதி அடுத்த சாளரத்துக்குக் காத்திருக்கிறது. தேதியையும் வசதிகளையும் சேர்த்து வாக்களித்த திட்டமே புரூக்ஸ் பேசும் அர்த்தத்தில் ‘தாமதம்’ ஆக முடியும்.

எண்ணும் கருவிகளும் புரியவைக்கும் கருவிகளும்

இதுவரை கண்டவற்றிலிருந்து திட்ட மேலாண்மைக் கருவிகளை எடைபோட ஒரு கேள்வி கிடைக்கிறது. ஒருவர் தம் வேலையைச் செய்வதற்குக் கேட்டறிய வேண்டியதை இக்கருவி குறைக்கிறதா? அல்லது அவர் செய்த வேலையை மேலே எண்ணிக் காட்ட மட்டும் உதவுகிறதா?

ஒரே கருவி இரண்டு விதமாகவும் பயன்படலாம். ‘திருத்தம்’ என்ற ஒற்றைச் சொல்லுடன் சேமிக்கப்பட்ட கிட் பதிவு ஓர் எண்ணிக்கை மட்டுமே. எது மாறியது, ஏன் மாறியது என்று எழுதிய பதிவு, ஆறு மாதம் கழித்து வருபவருக்கு ஒரு மணி நேர உரையாடலை மிச்சப்படுத்தும். பக்சில்லாவிலோ ஜிராவிலோ வழு ஒன்றைப் பதியும்போது, அதை மீண்டும் நிகழ்த்திப் பார்க்கும் வழியை எழுதினால் அது அறிவு. யார் எத்தனை வழுக்களை மூடினார் என்று வாரந்தோறும் வரைபடம் போட மட்டும் பயன்படுத்தினால், அது ஆள்-மாதம் வேறு உடையில் திரும்பி வந்ததாகும். தானியங்கிச் சோதனைகள் பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தவை. என் மாற்றம் மற்றவர் பகுதியை உடைத்ததா என்பதை, அவரைக் கேட்காமலேயே அவை சொல்லிவிடுகின்றன.

நிலவர அறிக்கை குறித்தும் நூலில் பயனுள்ள ஓர் இயல் உண்டு. திட்டம் ஓராண்டு தாமதமாவது ஒரே அடியாக நிகழ்வதில்லை, நாள் நாளாகச் சேர்கிறது என்கிறார் புரூக்ஸ். ‘நிரல் 90 விழுக்காடு முடிந்தது’ என்பது மைல்கல் ஆகாது. அந்த நிலையிலேயே ஒரு திட்டம் பாதிக் காலம் கிடக்கலாம். முடிந்தது அல்லது முடியவில்லை என்ற இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லக்கூடியதே மைல்கல். அதோடு, சிக்கலைச் சொன்ன உடனேயே மேலாளர் குறுக்கிட்டு ஆணையிடத் தொடங்கினால், அடுத்த முறை சிக்கல் அவரிடம் வராது. இன்றைய தினசரி நின்றபடிக் கூட்டங்கள் பலவும் விசாரணையாக மாறிப்போவதன் காரணம் இங்கே விளக்கப்பட்டிருக்கிறது. உண்மையைச் சொன்னவர் தண்டிக்கப்படும் குழுவில் எந்தப் பலகையும் பச்சை நிறத்தையே காட்டும்.

நூல் போதிய அளவு பேசாதது

புரூக்ஸ் தம் பெரிய பிழை ஒன்றை நூலில் சொல்கிறார். இயங்குதளத்தின் விவரக்குறிப்பை எழுதப் பத்துப் பேர் கொண்ட வடிவமைப்புக் குழு பத்து மாதம் கேட்டது; அது அட்டவணையைவிட மூன்று மாதம் அதிகம். 150 பேர் கொண்ட நிரலாக்கக் குழு, அட்டவணைப்படியே முடிப்பதாகச் சொன்னது. அதற்கு வேலையைத் தராவிட்டால் 150 பேரும் சும்மா இருக்க நேரும் என்ற வாதமும் இருந்தது. புரூக்ஸ் இரண்டாவது குழுவிடம் ஒப்படைத்தார். அதுவும் மூன்று மாதம் தாமதமானது, தரமும் குறைந்தது. பிழைதிருத்தத்தில் மேலும் ஓராண்டு கூடியது என்பது அவர் மதிப்பீடு.

இதிலிருந்து அவர் எடுக்கும் பாடம், வடிவமைப்பு ஒருவர் அல்லது மிகச் சிலரின் சிந்தனையில் ஒருமையுடன் உருவாக வேண்டும் என்பது. சரியான பாடம்தான். ஆனால் 150 பேர் சும்மா இருக்கக் கூடாது என்ற அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை அவர் ஆழமாக ஆராயவில்லை. வாடிக்கையாளர் விரும்பும் தேதிக்குப் பணிந்து மதிப்பீட்டைக் குறைப்பதை, மேலாளரின் துணிவின்மையாக மட்டும் பார்க்கிறார். சென்னையிலும் பெங்களூரிலும் வளர்ந்த மென்பொருள் சேவைத் தொழிலில், ஒப்பந்தங்கள் பலவற்றில் வாடிக்கையாளர் வாங்குவதே ஆள்-மணியும் ஆள்-மாதமும்தான். அங்கே அது மதிப்பீட்டுப் பிழை அன்று, விலைச்சீட்டு. ஆள் சேர்ப்பது திட்டத்துக்குத் தீங்கானாலும் வருவாய்க்கு நன்மையாக இருக்கலாம். அந்தத் தீங்கின் சுமை இரவு நேர வேலையாக யார் தலையில் விழுகிறது என்ற கேள்வி நூலில் இல்லை. துணிவுள்ள மேலாளர் மட்டும் இதைச் சரிசெய்துவிட முடியாது.

நூலில் வரும் ‘அறுவைக் குழு’ யோசனையும் காலத்தால் தேய்ந்தது. ஹார்லன் மில்ஸ் முன்மொழிந்த அதில், ஒரு தலைமை நிரலாளரைச் சுற்றித் துணை நிரலாளர், சோதனையாளர், ஆவணப் பதிப்பாளர், செயலாளர்கள் எனப் பத்துப் பேர் இருப்பர். அந்தத் துணைப் பணிகளில் பலவற்றை இன்று மென்பொருள்களே செய்கின்றன. சோதனையாளரையும் ஆவணம் எழுதுபவரையும் ஒருவரின் உதவியாளராக மட்டும் காணும் பார்வையையும் இன்று ஏற்பதற்கில்லை.

மாணவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை

கல்லூரித் திட்டப்பணி செய்யும் நால்வர் குழுவுக்கும் இந்நூலிலிருந்து எடுத்துக்கொள்ள நடைமுறைகள் உண்டு.

1. நிரல் எழுதும் முன் பகுதிகளின் எல்லையை எழுதுங்கள். எந்தப் பகுதி எதைப் பெறும், எதைத் தரும் என்பது ஒரு பக்கத்தில் அடங்கினால் போதும்.

2. ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவர் பெயரை எழுதிவையுங்கள். எல்லோருக்கும் பொறுப்பு என்றால் யாருக்கும் பொறுப்பில்லை.

3. சோதனைக்குப் பாதிக் காலம் ஒதுக்குங்கள். புரூக்ஸின் பங்கீட்டில் மூன்றில் ஒரு பங்கு திட்டமிடலுக்கு, ஆறில் ஒரு பங்கு நிரலாக்கத்துக்கு, மீதி முழுவதும் சோதனைக்கு. பன்னிரண்டு வாரப் பணி என்றால் நிரலாக்கத்துக்கு இரண்டு வாரமே. இன்றைய சிறு திட்டங்களில் எழுதுவதும் சோதிப்பதும் கலந்தே நடக்கும் என்றாலும், சோதனைக்கு நேரம் மிஞ்சும் என்று நம்புவது ஆபத்து.

4. கிட் பதிவுகளில் காரணத்தை எழுதுங்கள். மாற்றங்களைச் சிறியனவாக வைத்து, இணைக்கும் முன் இன்னொருவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

5. விழுக்காட்டில் நிலவரம் சொல்லாதீர்கள். ‘உள்நுழைவுப் பக்கம் மூன்று சோதனைகளிலும் தேறியது’ என்பது போல, பிறர் சரிபார்க்கக்கூடியதைச் சொல்லுங்கள்.

6. தாமதம் தெரிந்த முதல் வாரமே சொல்லுங்கள். அப்போது வசதிகளைக் குறைக்கலாம், தேதியை மாற்றலாம், ஆளும் சேர்க்கலாம். கடைசி வாரத்தில் இம்மூன்றுமே கைநழுவிப் போயிருக்கும்.

மதிப்பீடு

‘த மிதிக்கல் மேன்-மன்த்’ ஒரே ஒரு பெருந்திட்டத்தின் அனுபவத்திலிருந்து பெரும்பாலும் எழுதப்பட்ட நூல். அதன் எண்களையும் குழு அமைப்புகளையும் இன்று அப்படியே பின்பற்ற இயலாது. அதன் விதியும் சொல்லப்படும் அளவுக்குக் கறாரானது அன்று. ஆயினும் தம் தவறுகளை எண்களுடன் எழுதிவைத்து, 20 ஆண்டுகளுக்குப் பின் மறுபடியும் திருத்திக்கொண்ட திட்ட மேலாளர்கள் மிகச் சிலரே.

வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில் ‘இதை முடிக்க உனக்கு எத்தனை நாள் ஆகும்?’ என்ற கேள்வி ஒவ்வொரு மாணவருக்கும் வரும். கேட்பவர் விரும்பும் எண்ணைச் சொல்லிவிடுவது எளிது. அந்த எண் ஓர் அட்டவணையில் ஏறி, இன்னொருவரின் வேலைக்கு அடித்தளமாகி, பல மாதங்களுக்குப் பிறகு தாமதமாக வெளிவரும். எந்தக் கருவியும் அந்த எண்ணை உண்மையாக்கித் தராது. அதைச் சொல்லும் முன் படிக்க வேண்டிய நூல் இது.